ஒரே குளத்து வண்டல், இரண்டு வயல்

2024 ஜூலை நடுவில் எங்கள் ஊர்க் குளத்தை வெட்டி டிராக்டர் டிப்பரில் ஐம்பது நடை மண் ஓட்டினோம். பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஓரத்து ஊர். சித்தப்பாவுக்கு இரண்டு இடத்தில் நிலம். ஒன்று ஆற்றங்கரையை ஒட்டிய படுகை, மூன்று மா. இன்னொன்று ஊரைத் தாண்டி உள்ளே, ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நெல் வயல், அதுவும் மூன்று மா. (வெளியூர்க்காரர்களுக்கு: மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்.) படுகைக்கு இருபத்தைந்து நடை, வயலுக்கு இருபத்தைந்து நடை.

படுகையில் வாழை ஜோராக வந்தது. வயலில் சம்பா நெல் நட்ட மூன்றாவது வாரமே திட்டுத்திட்டாகப் பழுப்பேறியது. அறுவடைக்கு முன்னால் தெளித்த உளுந்து பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை.

"மண்ணு போட்டு மண்ணு கெடுமாடா? கேள்விப்பட்டிருக்கியா நீ?" என்று சித்தப்பா என்னைத்தான் கேட்டார். மண் ஓட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான். அதனால் காரணத்தைத் தேடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு வருடம் கழித்து, கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

மண் வந்த கதை

அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். போர்வெல் இல்லாதவர்களுக்குக் குறுவை, அதாவது சம்பாவுக்கு முந்தைய குறுகிய கால நெல், போச்சு. குளமும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதே ஜூலையில்தான் ஏரி, குளங்களில் வண்டல் மண்ணும் களிமண்ணும் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு எளிதாக்கியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. டிராக்டர் டிப்பர் கணக்கில் 75 கன மீட்டர் என்பது இருபத்தைந்து நடை.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. எடை போட்டால் நூறு டன்னை ஒட்டி வரும். ஆனால் ஒரு ஏக்கரில் அதைச் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது, ஒரு கட்டைவிரல் பருமன்தான். உழுது பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்துவிட்டால் மேல் மண்ணில் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை நான் போட்டது எல்லாம் முடிந்த பிறகு.

முதல் நாள் கரையோரமாக மேலாக வெட்டினார்கள். கறுப்புக் கலந்த சாம்பல் நிறம், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும், குளத்துச் சேற்று வாடை. அது முழுக்கப் படுகைக்குப் போனது, பாதை அந்தப் பக்கம் நன்றாக இருந்ததால். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பொக்லைன் ஒரே இடத்தில் நின்று கீழே கீழே தோண்ட ஆரம்பித்தது. வண்டியை நகர்த்தாமல் அள்ளினால் நேரம் மிச்சம் இல்லையா. மண் மஞ்சள் தட்டியது. நடுநடுவே வெள்ளைக் கொட்டைகள். நாங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். கூட நின்ற ஒருவர், "அடி மண்ணுலதான் சத்து தங்கியிருக்கும், விடுங்க" என்றார். விட்டோம். அது அத்தனையும் வயலுக்கு.

அப்புறம் இன்னொரு தப்பும் செய்தோம். வண்டல்தான் போட்டாச்சே என்று சித்தப்பா சம்பாவுக்கு முதல் மேலுரத்தில் யூரியாவைப் பாதியாக்கினார். நானும் தலையாட்டினேன்.

மூன்று குழி

2025 மே மாதம் மூன்று இடத்தில் நான்கடிக் குழி வெட்டினோம். படுகையில் ஒன்று, வயலில் ஒன்று, குளத்தில் மண் எடுத்த பள்ளத்தின் ஓரத்தில் ஒன்று. ஆள் வைத்து வெட்டியது. நான் மண்வெட்டி பிடித்தது முதல் அரையடிக்கு மட்டும்.

படுகைக் குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிவிட்டுப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கிறது. இரண்டு விரல் கனம் பழுப்பு வண்டல், கீழே ஒரு விரல் மணல், மறுபடி வண்டல், மறுபடி மணல். ஒவ்வொரு அடுக்கும் ஆறு ஒரு தடவை கரை ஏறி வந்துவிட்டுப் போனதன் தடம். முழங்கால் ஆழத்தில் மட்டும் நாலு விரல் கனத்துக்குப் பருமணல், அரிசிக் குருணை மாதிரி. "இது இருபத்து நாலு வெள்ளம்" என்றார் சித்தப்பா, நேரில் பார்த்தவர் மாதிரி. 1924இல் காவிரியில் பெருவெள்ளம் வந்தது உண்மை. அவர் பிறந்தது அதற்கு முப்பது வருடம் கழித்து.

வயல் குழியில் அடுக்கு என்று ஒன்றும் இல்லை. மேலே அரைச் சாண் சேற்றுழவு மண், அதன் கீழே கல் மாதிரி இறுகிய ஒரு தளம், அதற்கும் கீழே ஒரே கருங்களி. வருடா வருடம் சேறடித்து நடுகிற வயலில் அந்த இறுகிய தளம் தானாக உருவாகும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க அது வேண்டும். களியில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு.

ஈர மண்ணை உருண்டையாகப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா மாதிரி நீட்டிப் பார்ப்பது பழைய வழி. படுகை மண் ஒரு அங்குலம்கூட நீளாமல் உடைந்தது. வயல் மண் இரண்டரை அங்குலம் போய், ஒடியாமல் தொங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டர். இரண்டையுமே ஊரில் வண்டல் என்றுதான் சொல்கிறோம், பாடப் புத்தகத்திலும் அதே சொல்தான்.

இங்கேதான் எனக்கு முதல் முடிச்சு அவிழ்ந்தது. ஆறு கரை மீறும்போது வேகம் சட்டென்று குறைகிறது. குறைந்ததும் முதலில் கைவிடுவது மணலை. அது கரையோரமே விழுந்து கரையை மேடாக்குகிறது, அதுதான் படுகை. நடுத்தரத் துகள் கொஞ்ச தூரம் போகும். களி மட்டும் தண்ணீரோடு உள்ளே போய், தாழ்வான இடத்தில் தேங்கி, நிதானமாக இறங்கும். எவ்வளவு நிதானம் என்றால், 20 டிகிரி வெப்பமுள்ள அசையாத தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் இறங்க 0.02 மில்லிமீட்டர் துகளுக்கு ஐந்து நிமிடம் போதும், 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு எட்டு மணி நேரம் ஆகும். சல்லடை போட்டுச் சலித்த மாதிரி ஆறு மண்ணைப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. படுகையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், உள்ளே போகப் போக நெல், தாழ்ந்த கடைமடையில் நீண்ட நாள் நெல் என்று ஊர் பிரிந்து நிற்பதெல்லாம் அந்தச் சலிப்பின் மேல்தான்.

குளமும் ஒரு குட்டி ஆறுதான். வரத்து வாய்க்கால் வாயில் மணல், நடுவில் பொடி வண்டல், கரையும் மதகும் இருக்கிற ஆழமான பக்கம் களி. இதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து போட்ட மண். இதற்குக் கீழே, குளம் வெட்டுவதற்கு முன்பே அங்கே இருந்த தரை வந்துவிடும். மூன்றாவது குழியில் அது பளிச்சென்று தெரிந்தது: இரண்டடிக்குக் கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள், மஞ்சளில் சுக்கான் கொட்டைகள். ஒரு கொட்டையை எடுத்து எலுமிச்சம்பழச் சாறு விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்பு.

ஆக வயலுக்குப் போன இருபத்தைந்து நடையில் பாதிக்கு மேல் வண்டலே இல்லை. குளத்தின் அடித்தரையைப் பெயர்த்துக் கொண்டுபோய் நெல் வயலில் கொட்டியிருக்கிறோம்.

பழுப்புக்கு இரண்டு காரணம்

சம்பாவில் வந்த பழுப்பை ஒரே நோயாக நினைத்ததுதான் அந்தச் சமயம் எங்களைத் திணறடித்தது. போனில் எடுத்த படங்களை இப்போது நிதானமாகப் பார்க்கும்போது இரண்டு விதம் தெரிகிறது. வயல் முழுக்கப் பரவலாக, அடி இலைகள் நுனியிலிருந்து வெளிர் மஞ்சளானது ஒன்று. அது தழைச்சத்துப் பசி, யூரியாவைக் குறைத்ததன் பலன். வண்டலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் தாராளமாக இருக்கும். தழைச்சத்து குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது மக்கிய இலை தழையிலிருந்து வருவது, பாறைப் பொடியிலிருந்து வருவது இல்லை. "வண்டல் போட்டால் உரம் வேண்டாம்" என்ற பேச்சு டெல்டா முழுக்க உண்டு. அந்தப் பேச்சை நம்பித்தான் மூட்டையைப் பாதியில் கட்டி வைத்தோம்.

மற்றொன்று திட்டுகளில் மட்டும் வந்தது. இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள், பயிர் குட்டை. துத்தநாகக் குறைபாடு. வெள்ளம் கட்டும் நெல் மண்ணில் இது ஏற்கனவே எட்டிப் பார்க்கிற பிரச்சினை. சுண்ணாம்பு கூடினால் மண் காரமாகி, இருக்கிற துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும். மண் பரிசோதனையில் திட்டு விழுந்த இடம் 8.3 காரத்தன்மை (pH) காட்டியது. திட்டு இல்லாத மூலை 7.6. டிப்பர் எங்கெங்கே மண்ணைச் சாய்த்ததோ அங்கங்கே திட்டு. சித்தப்பா வரப்பில் நின்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார், "இங்க ஒரு நடை, அந்தா அங்க ஒரு நடை" என்று.

உளுந்து

எனக்கு மிகவும் வருத்தம் உளுந்தில்தான். நெல் தரிசு உளுந்தைப் பார்க்காதவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே மெழுகு பதத்தில் இருக்கிற சேற்றில் விதையை வீசிவிடுவோம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நெல்லை அறுத்துத் தூக்கும்போது தாள்களுக்கு நடுவே இரண்டிலை விட்டு நிற்கும். அடுத்த அறுபது எழுபது நாளும் களியில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் தைப் பனியிலுமே பயிர் முடிந்துவிடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஏடிடி 3 உளுந்தை வெளியிட்டது. படுகையில் இதைச் செய்யவே முடியாது. நாலு நாளில் மேல்மண் காய்ந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் ஒரு பயறு வெள்ளாமை எடுத்துத் தருகிற களி அது. வண்டல் நிலத்தின் பெருமையைச் சொல்லச் சொன்னால் நான் நெல்லைச் சொல்ல மாட்டேன், இந்த உளுந்தைத்தான் சொல்வேன்.

அந்தப் பயிர் கேட்பது ஒன்றே ஒன்று: வயல் மட்டம். நாங்கள் அதைத்தான் கெடுத்திருந்தோம். கொட்டிய மண்ணைச் சரியாக இழுத்துப் பரப்பவில்லை. சேற்றுழவில் எல்லாம் சமமாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. மேட்டில் விழுந்த விதை, ஓடு கட்டிய மண்ணின் மேல் கிடந்து காய்ந்தது. பள்ளத்தில் விழுந்தது தண்ணீரில் அழுகியது. டிப்பர் போன தடம் மட்டும் இரண்டு கோடாக மொட்டையாக இருந்தது, வானத்திலிருந்து பார்த்தால் வண்டி எங்கே திரும்பியது என்று சொல்லிவிடலாம்.

படுகை ஏன் பிழைத்தது

நல்ல மண் போனது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தேவைப்பட்ட இடத்துக்குப் போனது. மணற்பாங்கான படுகைக்குக் குறை என்றால் அது பிடிமானம். களித்துகள் ஒவ்வொன்றும் சாம்பல்சத்தையும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மேல் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரையும் அப்படியே. எட்டில் ஒரு பங்கு களி சேர்ந்ததும் வாழைக்கு நாலு நாளைக்கு ஒருமுறை விட்ட தண்ணீர் ஆறு நாளானது. போட்ட உரம் கீழே கசிந்து போவதும் குறைந்திருக்க வேண்டும்.

இரண்டையும் மாற்றிக் கொட்டியிருந்தால்? கறுப்பு மண் வயலுக்குப் போயிருந்தால் கெடுதல் வந்திருக்காது, சரி. லாபமும் பெரிதாக வந்திருக்காது. ஏற்கனவே களியாக இருக்கிற இடத்தில் கட்டைவிரல் கனத்துக்குக் களி போட்டு என்ன ஆகப்போகிறது? டீசல் செலவுதான். இலவச மண் என்றாலும் வண்டி வாடகை இலவசம் இல்லையே.

ஆறு கொண்டுவந்த காலம்

நாம் ஏன் டிப்பரில் ஓட்ட வேண்டியிருக்கிறது என்ற கேள்வி இதற்கு முன்னால் நிற்கிறது. என் தாத்தா காலத்தில் யாரும் படுகைக்கு மண் ஓட்டவில்லை. ஆடியில் ஆறே ஓட்டிவிட்டுப் போனது.

மேட்டூர் அணை கட்ட ஆரம்பித்தது 1925, முடிந்தது 1934. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்கும் மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், அப்புறம் வேறு பல அணைகள். ஓடுகிற தண்ணீர் அணையில் வந்து நின்றதும் என்ன ஆகும் என்பது மேலே சொன்ன அதே கணக்குதான்: மணல் நுழைவாயிலில், வண்டல் நடுவில், களி சுவரோரம். மதகு வழியாக வருவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீர். வெள்ளத்தையும் அணை தணித்துவிடுவதால் கரை மீறுவதும் அபூர்வம். மழைக்காலத்தில் இன்னும் செந்தண்ணீர் வருகிறதே என்பார்கள். வரும். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. அவற்றிலும் பவானிக்கும் அமராவதிக்கும் 1950களில் அணை வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 1830களில் இதே டெல்டாவின் தலைவலி நேர் எதிராக இருந்தது. காவிரியின் தலைப்பில் மணலும் வண்டலும் சேர்ந்து ஆற்றின் தரை உயர்ந்து, தண்ணீர் எல்லாம் தாழ்ந்து கிடந்த கொள்ளிடத்துக்கு ஓடியது. தஞ்சாவூர்ப் பக்கம் காய்ந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையில் மணற்போக்கிகள் அமைத்ததும், முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டியதும் அதற்காகத்தான். மண் மிதமிஞ்சி வந்து ஆற்றை அடைக்கிறது என்று அன்றைக்குப் புலம்பினார்கள்.

எகிப்தில் அஸ்வான் பெரிய அணை 1970இல் முடிந்து நைல் வண்டல் நின்றபோதும் எல்லோரும் பயந்தது சத்துக்குத்தான். சத்தை உர மூட்டை ஓரளவு ஈடுகட்டிவிட்டது. ஈடுகட்ட முடியாமல் போனது நிலம். மண் வராத கழிமுகத்தைக் கடல் அரிக்க ஆரம்பித்தது. ரொசெட்டா முனையில் கரை பின்வாங்கியது அப்படித்தான். படுகைக் குழியின் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. மேலே இருந்து கீழே எண்ணிக்கொண்டே போகலாம். மேலே புதிதாக ஒன்றும் ஏறப்போவதில்லை.

இன்னொரு பக்கம், புது டெல்டா என்று சொல்கிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரம். 1934இல் கல்லணைக் கால்வாய் வந்ததால் காவிரித் தண்ணீர் அங்கே போனது, மண் போகவில்லை. இன்றும் அங்கே பெரும்பாலும் செம்மண், மணல் கலந்த மண். காவிரிப் பாசனம் எல்லாமே வண்டல் நிலம் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வரலாம்.

செய்தது

வயலில் கண்ணுக்குத் தெரிந்த சுக்கான் கொட்டைகளைப் பொறுக்கி வரப்போரம் போட்டோம். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் பிள்ளைகள் சட்டி சட்டியாகப் பொறுக்கினார்கள், சட்டிக்கு இவ்வளவு என்று பேரம் வேறு. கோடை உழவு ஓட்டி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இழுத்து மட்டம் பார்த்தோம். மே மழையில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு தெளித்தாயிற்று; பூப்பதற்கு முன்னால் மடக்கி உழ வேண்டும். தழைச்சத்துக்கும் அது உதவும், அது மக்கும்போது காரமும் கொஞ்சம் தணியும். நடவுக்கு முன்னால் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவ எடுத்து வைத்திருக்கிறோம். யூரியாவில் இந்த முறை கை வைக்கவில்லை.

குளத்தில் மறுபடி மண் எடுக்கிறார்கள். சித்தப்பா இப்போது ஒரு தண்ணீர் பாட்டிலோடுதான் அங்கே போகிறார். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள், நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்துவிட வேண்டியது. ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது பொடி வண்டல். மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நின்றால் களி. மஞ்சள் தட்டிய மண் என்றால் எலுமிச்சம்பழம். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த இரண்டு நடையைக் குளத்தங்கரையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "அண்ணே, அது வண்டல் இல்ல, தரை. வண்டல் அந்தப் பக்கம் கெடக்கு" என்று மதகுப் பக்கம் கை காட்டினாராம்.

2025இல் மேட்டூர் சொன்ன தேதிக்கு, ஜூன் 12இல் திறந்தது. கல்லணை 15ஆம் தேதி. குடமுருட்டியில் புதுத்தண்ணீர் வந்த அன்று நான் ஒரு லிட்டர் பாட்டிலில் மொண்டு வந்து, சித்தப்பாவின் மண் பாட்டில்களோடு திண்ணையில் வைத்தேன். நுரையும் சருகுமாக, நிறம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு படலம், மேலே தெளிந்த தண்ணீர். சித்தப்பா பாட்டிலைச் சாய்த்து, வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.